காய்க்காத பச்சை

அண்ணனின் தொலைபேசி அழைப்பு வந்தபோது, தங்கை ஆராய்ச்சி நிலையத்தின் கண்ணாடிக்கூடத்தில் தொட்டிகளை எடைபோட்டுக்கொண்டிருந்தாள். வறட்சிச் சோதனையில் நிற்கும் பயறுச் செடிகளை ஒவ்வொரு காலையும் தொட்டியோடு தூக்கித் தராசில் வைப்பார்கள். முந்தைய நாளைவிட எவ்வளவு எடை குறைந்திருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் போய்விட்டது என்று பொருள். அதில் ஒரு பங்கை மட்டும் திருப்பி ஊற்றுவார்கள். மீதியைச் செடி தாகமாகவே பொறுத்துக்கொள்ள வேண்டும். இரக்கமற்ற வேலை என்று வெளியார் நினைக்கக்கூடும். ஆனால் தாகத்தை அளந்து கொடுக்காமல் தாகம் தாங்கும் பயிரைக் கண்டறிய வேறு வழி இல்லை.

"குட்டி, எங்க இருக்க?"

குட்டி என்பது வீட்டார் இட்ட செல்லப் பெயர். ஆய்வாளராகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அது அவளை விட்டுப் போகவில்லை. நாமும் அவ்வாறே அழைப்பதில் அவளுக்கு வருத்தம் இராது என்று நம்புகிறேன்.

"வேலைல இருக்கேன் அண்ணா, சொல்லுங்க."

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, வந்து பாக்கணும். இந்தப் பக்கமே தீஞ்சு கிடக்கு. நம்ம வயல் மட்டும் நேத்துதான் மழை பேஞ்ச மாதிரி நிக்குது. போறவன் வர்றவன் எல்லாம் வண்டியை நிறுத்திப் பாத்துட்டுப் போறான்."

அதற்குள் யாரோ தொலைபேசியைப் பிடுங்கும் ஓசை கேட்டது. பக்கத்து வயல்காரர்தான். வாய் ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

"தங்கச்சி, உங்க அண்ணன் திருட்டுத்தனமா தண்ணி விடறானான்னு நான் வரப்புலயே காவல் இருந்து பாத்துட்டேன். அவன் வீட்டுக் குழாயிலயே காத்துதான் வருது, வயலுக்கு எங்கேருந்து விடுவான்? எல்லாம் உங்க விதையோட வேலை. அடுத்த தடவை எனக்கும் ரெண்டு பிடி ஒதுக்கிடுங்க. இல்லைன்னா சண்டைதான்."

"குடுடா இங்க," என்றார் அண்ணன். அவர் சிரித்து வெகுகாலமாகிவிட்டதால், அந்தச் சிரிப்பு குட்டிக்குச் சற்றே அந்நியமாகக்கூட ஒலித்தது.

அதன் பின்னால் இருந்ததை அவள் அறிவாள். மழை பொய்த்தும் பருவம் தப்பிப் பெய்தும் அண்ணன் நொடிந்துபோயிருந்தார். அண்ணியின் தம்பி நகரத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். மச்சானுக்கு அங்கே ஒரு வேலை பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணனுக்கு மண்ணைத் தவிர வேறு எதிலும் கை பழகவில்லை. முடிவில் கணவனும் மனைவியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். "இந்த ஒரு போகம். வயல் காய்ச்சா இருக்கேன். காய்க்கலைன்னா நீ சொல்ற இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிட்டு வரேன், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்," என்று அண்ணன் சொன்னார். அன்றே தங்கையிடம் விதை கேட்டும் வந்தார்.

அவள் கொடுத்த விதைக்கு நிலையத்தில் பிடிவாதக்காரி என்று பெயர். எத்தனை நாள் தண்ணீரை மறுத்தாலும் அது வாட மறுத்தது. இலையின் பசுமையை மதிப்பிட அவர்களிடம் ஓர் அட்டை உண்டு. வெளிர்மஞ்சளில் தொடங்கிக் கரும்பச்சையில் முடியும் வண்ணப் பட்டைகளை இலையோடு ஒட்டிப் பிடித்து மதிப்பெண் இடுவார்கள். சுற்றிலும் மற்ற செடிகள் வெளுத்துக்கொண்டிருக்கையில், பிடிவாதக்காரி கரும்பச்சைப் பட்டையிலேயே நின்றாள். தண்ணீர் பாய்ச்சிய விதைத் திடலிலோ அவள் கொத்துக் கொத்தாகக் காய்த்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அந்தக் கண்ணாடிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பயறுத் தொட்டிகளில் பூ விரியத் தொடங்கியதும் அவற்றை அப்புறப்படுத்திவிட்டு மேசைகளை மக்காச்சோளப் பிரிவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். எழுத்தில் இல்லாத ஏற்பாடுதான். ஆனாலும் யாரும் மீறியதில்லை. மக்காச்சோளத்தார் முந்தைய நாளே தொட்டிகளோடு வாசலில் வந்து நிற்பார்கள். பயறுப் பிரிவின் தலைவர் சண்டையை விரும்பாத மனிதர். "விளையும் பயிர் முளையிலேயே தெரியும்மா. நாம பூ வரைக்கும் பாத்தாச்சு. விட்டுக் குடுத்துடலாம்," என்பார்.

அண்ணனின் வயலைப் பற்றிக் கேட்டதும் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"அடடே! மேலிடத்துலேருந்து ஆட்கள் வர்ற வாரம் வராங்க. நேரா அங்கயே கூட்டிட்டுப் போயிடலாம். நீங்க முன்னாடியே போய், எந்தப் பக்கம் நின்னா படம் நல்லா விழும்னு பாத்துட்டு வந்துடுங்கம்மா."

மறுநாள் நண்பகலில் குட்டி பேருந்திலிருந்து இறங்கினாள். சாலையின் இருமருங்கும் வயல்கள் வைக்கோல் நிறத்தில் கிடந்தன. நடுவே அண்ணனின் வயல் தெரிந்தபோது, அவளையும் அறியாமல் நடை வேகமெடுத்தது. தன் கையால் எடைபோட்டு எடைபோட்டு வளர்த்த ஒன்று இப்படி வெட்டவெளியில் நிற்பதைக் காண்பது எவருக்கும் எளிதில் வாய்ப்பதன்று.

"விஞ்ஞானி வந்தாச்சு!" என்று ரேடியோ வரப்பிலிருந்தே முழங்கினார். "என் வயலைப் பாத்தீங்களா தங்கச்சி? என் தலை மாதிரியே ஆயிடுச்சு. அங்கங்க நாலு முடி. உங்க அண்ணன் வயல் கல்யாண மாப்பிள்ளை தலை."

"கண்ணு வைக்காதடா," என்றார் அண்ணன். அதில் அதட்டலைவிடப் பெருமையே மிகுந்திருந்தது.

குட்டி செடிகளுக்கிடையே இறங்கினாள். இலைகள் வெயிலுக்கு முகத்தைக் காட்டாமல் விளிம்பைக் காட்டி நின்றன. தாகத்தில் பயறு அப்படித்தான் செய்யும். இலைத்துளைகளை மூடிக்கொண்டு, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வியர்க்க வழி இல்லாததால் இலை சூடேறும். அவள் ஓர் இலையைத் தொட்டாள். காய்ச்சல்காரரின் நெற்றிபோலச் சுட்டது. இவையெல்லாம் அவள் எதிர்பார்த்தவையே. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து இலையோடு பிடித்துப் பார்த்தாள். கரும்பச்சை. கடைசிப் பட்டை.

அந்தப் பசுமை அவளை மகிழ்வித்தது. பிறகு, சற்று நேரத்தில், அதுவே அவளை உறுத்தவும் தொடங்கியது. முற்றும் பருவத்தில் நிற்கும் பயறு இவ்வளவு கரும்பச்சையாக இருக்கலாகாது. அடியிலைகளாவது வெளுத்திருக்க வேண்டும்.

அவள் இலைகளை விலக்கினாள். பூக்காம்புகள் நீளமாக நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் எதுவும் இல்லை. பூ இருந்த இடங்கள் தழும்புகளாக மட்டும் இருந்தன. அடுத்த செடியும் அவ்வாறே. அதற்கடுத்ததும் அவ்வாறே. தரையில், வெடிப்புகளின் ஓரத்தில், உதிர்ந்த பூக்கள் எரிந்த காகிதத் துணுக்குகளைப் போல ஒதுங்கிக் கிடந்தன.

"என்ன குட்டி, குனிஞ்சவ நிமிரவே மாட்டேங்கற?"

"காய் எங்கயாவது பாத்தீங்களா அண்ணா?"

"காயா? இன்னும் வரலை. இது பிந்தி வர்ற ரகம்னு நினைச்சேன். செடி பச்சையா இருக்கறப்போ காய்க்க என்ன அவசரம்?"

"பூத்துதா?"

"பூக்காம என்ன? ரெண்டு தடவை பூத்துது. கொட்டிடுச்சு. மறுபடி பூக்கும்ல?"

குட்டி ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். மண் இறுகியிருந்ததால் வரவில்லை. அண்ணன் மண்வெட்டியால் கெல்லிக் கொடுத்தார். வேர்களில் முடிச்சுகள் இருந்தன. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும் நுண்ணுயிரிகள் குடியிருக்கும் இடம் அது. நலமாக இருக்கும் முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இரத்தம்போலச் சிவந்திருக்கும். அவள் நகத்தால் ஒன்றைப் பிளந்தாள். சாம்பல் கலந்த பச்சை. இன்னொன்று தொட்டதும் கூழாக நசுங்கியது. வறட்சி வந்தால் பயறில் முதலில் படுப்பது வேர்முடிச்சுதான் என்று அவளே பலருக்கும் பாடம் எடுத்திருக்கிறாள். ஊட்டுகிறவர்கள் போய்விட்ட பிறகு, இந்த இலைகள் எதைக்கொண்டு இவ்வளவு பச்சையாக இருக்கின்றன?

"ரேடியோ அண்ணா, உங்க வயலைக் கொஞ்சம் பாக்கலாமா?"

"தாராளமா. அழறதுக்குத் துணைக்கு ஆள் கிடைச்சா வேணாம்னா சொல்லுவேன்?"

அவருடைய செடிகள் மஞ்சளித்து, பாதி இலைகளை உதிர்த்துவிட்டு, குச்சிகளாக நின்றன. அந்தக் குச்சிகளில் காய்கள் தொங்கின. குட்டையான, முறுக்கிக்கொண்ட காய்கள். அவள் ஒன்றை உடைத்தாள். சுருங்கிய மணிகள் இரண்டோ மூன்றோ உள்ளங்கையில் விழுந்தன.

"அதைப் போய் என்ன பாக்கறீங்க? கோழிக்குப் போட்டா கோழி என்னை முறைக்குது."

குட்டி அந்த மணிகளைப் பார்த்தபடியே நின்றாள். காய் பிடித்த பயறு, மண்ணிலும் முடிச்சிலும் சத்து நின்றுபோனால், தன் இலைகளைத் தானே கலைத்து, அவற்றிலிருந்த தழைச்சத்தை மணிகளுக்கு அனுப்பும். இலை மஞ்சளாவது அதனால்தான். ரேடியோவின் செடிகள் தங்களைக் கரைத்துக்கொண்டது இந்தச் சுருங்கிய மணிகளுக்காக. பிடிவாதக்காரியிடமோ சத்தைக் கேட்பதற்கு ஒரு காய்கூட இல்லை. அதனால் இலையில் இருந்தது இலையிலேயே இருந்துவிட்டது. உண்பதற்கு ஆளில்லாத வீட்டில் பானை நிறைந்தேதான் இருக்கும்.

அடுத்து வந்த எண்ணம் இன்னும் கொடியது. மொட்டுகளையும் பூவையும் தக்கவைக்க முயன்ற செடிகள் வெளுத்தன. அவற்றுக்கு அட்டை குறைந்த மதிப்பெண் தந்தது. எது எல்லாவற்றுக்கும் முன்பாக அந்த முயற்சியைக் கைவிட்டதோ, அது பச்சையாக நின்று முதலிடம் பெற்றது. பூ விரிந்ததும் தொட்டிகள் மேசையைவிட்டு இறங்கிவிடும் ஓரிடத்தில், இந்த வேறுபாட்டைப் பார்க்க எவருக்கும் வாய்ப்பிருக்கவில்லை. ஆண்டுக்கணக்காக அவர்கள் மிகுந்த கவனத்தோடு தேர்ந்தெடுத்தது காய்க்காத செடியை.

மாலையில் வீட்டுக்கூடத்தில் அவள் அதைச் சொன்னாள். அண்ணன் நாற்காலியில் அமர்ந்திருந்தார். அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ப் பஞ்சத்தில் துணிகள் சரியாக அலசப்படாமல் விறைத்திருந்தன. குட்டி எவ்வளவோ மெல்லத்தான் சொன்னாள். எப்படிச் சொன்னாலும் அது ஒரே வாக்கியமாகத்தான் வந்தது.

"அது காய்க்காது அண்ணா."

அண்ணியின் கை நின்றது. "என்ன சொல்ற குட்டி? ஊரே வந்து பாத்துட்டுப் போகுது."

"பச்சையா இருக்கும் அண்ணி. இன்னும் கொஞ்ச நாள்கூட இருக்கும். ஆனா காய்க்காது."

"காய்க்காததுக்கு எதுக்குடி இவ்வளவு பச்சை?"

அந்தக் கேள்விக்குரிய விடையைக் குட்டி விளக்கினாள். முடிச்சு, பூ, இலை, மணி என்று வரிசையாகச் சொன்னாள். வகுப்பெடுப்பதுபோல ஆகிவிடக்கூடாதே என்று அஞ்சியபடியே சொன்னாள். அண்ணன் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் முன்னால் சாய்ந்தார்.

"சரி. செடி சாகலைல்ல? உசுரோடதான இருக்கு? எங்கயாவது கையில கால்ல விழுந்து ஒரு லாரி தண்ணி கொண்டாந்தா? மறுபடி பூக்கும்ல?"

"பூக்கும்."

"அப்புறம் என்ன?"

"பூத்தாலும் நிக்காது அண்ணா. பகல் வெயிலைக்கூட அது ஒருமாதிரி சமாளிச்சுக்கும். ராத்திரியும் சூடு இறங்க மாட்டேங்குதே. அந்தச் சூட்டுல இந்த ரகத்தோட மகரந்தம் மலடாயிடும். தண்ணி இருந்தாலும் பூ கொட்டிடும். குளிர் வரணும்னா இன்னும் ரொம்ப நாள் ஆகும். அதுவரைக்கும் லாரி தண்ணி..."

 

"இதெல்லாம் விதை குடுக்கறப்போ சொல்லலையே நீ."

"தெரியாது அண்ணா. தண்ணி இல்லாம வச்சப்போ, பூவுக்கு அப்புறம் நாங்க பாத்ததே இல்லை."

"ஏன்?"

குட்டி தலை குனிந்துகொண்டாள். "பூ வந்துட்டா மேசையை மக்காச்சோளத்துக்குக் குடுத்துடுவோம்."

"மேசையா?"

"ஆமா. இடம் இல்லை."

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "அடப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பலகையை அடிச்சு நாலு மேசை நானே செஞ்சு கொண்டாந்து போட்டிருப்பேனேடி." அந்தச் சிரிப்பு நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததால், அண்ணி எழுந்து வந்து அவர் தோளில் கைவைக்க வேண்டியதாயிற்று.

கையை எடுக்காமலே அண்ணிதான் பேசினார். "தம்பிகிட்ட நான் சொல்லிட்டேங்க."

"என்ன சொன்ன?"

"வரலைன்னு. வயலைப் பாத்துட்டு எனக்கே மனசு மாறிடுச்சு. இவ்வளவு நல்லா நிக்கறப்போ எதுக்கு விட்டுட்டுப் போகணும்னு... அந்த வேலையை வேற யாருக்காவது குடுத்துடுடான்னு சொல்லிட்டேன். குடுத்துட்டானாம்."

போக வேண்டும் என்று இத்தனை காலம் மல்லுக்கு நின்றவர் அவர். இங்கேயே இருக்கலாம் என்று அவரையும் நம்ப வைத்தது அந்தப் பசுமை. அண்ணி மடித்துவைத்த துணி ஒன்றை அண்ணன் எடுத்து மீண்டும் மடித்தார். மடிப்பு கோணலாக வந்தது. அண்ணி அதை வாங்கிச் சரிசெய்யவில்லை.

குட்டி வாசலுக்கு வந்து தலைவரை அழைத்தாள். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார். 

"தூரத்துலேருந்து படம் எடுத்தா காய் இல்லாதது தெரியாதும்மா," என்றார் முதலில். உடனே அவருக்கே அது பொறுக்கவில்லை போலும். "மன்னிச்சுக்குங்க. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்த மேசையை நான் ஒரு தடவையாவது கேட்டிருக்கணும். யார்கிட்டயும் வம்பு வேணாம்னே இருந்துட்டேன். நாங்க வரலை. அண்ணன்கிட்ட..." என்று தொடங்கினார். அழைப்பு அப்படியே அறுந்தது.

வயலை அறுத்துத் தீவனமாகக் கொடுத்துவிடுவது என்று மறுநாள் காலையில் அண்ணன் முடிவெடுத்தார். மாடு வைத்திருந்தவர்கள் புல்லுக்கு அலைந்துகொண்டிருந்த நேரம். ரேடியோ சொன்னால் போதாதா? பத்து வீட்டு மாடுகளும் வரப்பில் வந்து நின்றன. தழைச்சத்து முழுவதும் இலையிலேயே தங்கிவிட்டதால் இதைவிடச் சிறந்த தீவனம் கிடைக்காது என்று கேட்டவர்களிடம் குட்டி சொன்னாள். அது உண்மையும்கூட.

அண்ணன் அரிவாளோடு இறங்கியபோது அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணா, நான் ஒவ்வொரு வரிசையா முன்னாடி பாத்துட்டுப் போறேன். நான் பாத்த வரிசையை மட்டும் அறுங்க."

"எதுக்கு?"

"இத்தனை செடியில ஒண்ணாவது காய் பிடிச்சிருக்கலாம். இந்த வெயில்ல, இந்தச் சூட்டுல ஒண்ணு காய்ச்சிருந்தா, அதோட விதையிலேருந்து ஆரம்பிக்கலாம்."

"ஆரம்பிச்சா எப்போ வயலுக்கு வரும்?"

"பத்து வருஷம் ஆகலாம். கூடவும் ஆகலாம்."

"அப்ப நமக்கு இல்லை."

"நமக்கு இல்லை அண்ணா."

அவர் அரிவாளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "சரி, முன்னால நட. நான் மெதுவா வரேன்."

அவள் குனிந்தபடியே நடந்தாள். இரு கைகளாலும் இலைகளை விலக்கி, ஒவ்வொரு காம்பையும் பார்த்து, அடுத்ததற்குப் போனாள். வரிசை முடிந்ததும் நிமிர்ந்து, "பாத்துட்டேன்," என்பாள். பின்னால் அரிவாளின் ஓசை எழும். ரேடியோ அறுத்த கட்டுகளைச் சுமந்து வரப்பில் போட்டார். "உங்க விதையால என் மாடு உங்க அண்ணனைவிட நல்லாச் சாப்பிடுது தங்கச்சி," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்காததால் அதன்பின் அவரும் பேசவில்லை. அவர் பேசாமல் வேலை செய்ததை அதற்குமுன் எவரும் கண்டதில்லை.

வயலின் நடுவில் ஒரு செடியில் காய் இருந்தது.

"அண்ணா!"

அவர் செடிகளை மிதித்துக்கொண்டே ஓடி வந்தார். இருவரும் மண்டியிட்டார்கள். ஒற்றைக் காய், விரல் நீளம், பச்சையாக, நேராகத் தொங்கியது. குட்டி அதை இரு விரல்களுக்கிடையே வைத்து நுனியிலிருந்து காம்புவரை மெல்ல அழுத்திக்கொண்டே போனாள். எங்கும் எதுவும் தட்டுப்படவில்லை. உரித்தபோது உள்ளே வெள்ளைத் தோல் மட்டுமே இருந்தது. மணிகள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஊசிமுனை அளவு புள்ளிகள் வரிசையாக உலர்ந்து ஒட்டியிருந்தன.

"வெறும் தோலா?"

"வெறும் தோல்தான்."

அண்ணன் அந்தத் தோலை வாங்கி ஒரு கணம் பார்த்துவிட்டு, அறுத்த கட்டின்மேல் போட்டார். மாட்டுக்கு அதுவும் ஆகும்.

வெயில் சாயத் தொடங்கியபோது ஒரே ஒரு வரிசை எஞ்சியது. குட்டி அதை மற்ற வரிசைகளைவிட மெதுவாகப் பார்த்தாள். பார்த்த செடியையே மறுபடியும் பார்த்தாள். அண்ணன் அவசரப்படுத்தவில்லை. வரப்பின் முனையில் அண்ணி தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றிருந்தார்.  கடைசிச் செடியின் கடைசிக் காம்பை விட்டுவிட்டுக் குட்டி நிமிர்ந்தாள். அவளுக்கு முன்னால் வெறும் வரப்புதான் இருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணா. அறுங்க."